காலி வீட்டில் ஒரு கட்டம்

ஆள் இல்லாத வீடுகளைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. வாடகைக்கு விடுகிறவர்கள், விற்கிறவர்கள், அவர்களுடைய புரோக்கர்கள் என்று யாராவது கூப்பிடுவார்கள். டெல்லி ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்துப் போவேன். ஹால், படுக்கையறை, சமையலறை, பால்கனி எல்லாவற்றையும் எடுத்து மறுநாளுக்குள் அனுப்பிவிடுவேன். துவாரகாவில் நான் நுழையாத அடுக்குமாடிச் சொசைட்டிகள் குறைவு.

காலி வீட்டில் தனியாக நிற்பது பயமாக இல்லையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பயம் இருந்ததே இல்லை. அதற்கு என் பழைய கேமராவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அது டிஎஸ்எல்ஆர். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வரும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பி இறங்கும். அந்தக் கணம் மட்டும் எதுவும் தெரியாது, இருட்டு. கூடவே ‘சடக்’கென்று ஒரு சத்தம். சாமான் இல்லாத அறையில் அந்தச் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். பக்கத்தில் ஒருவர் கூடவே வேலை செய்துகொண்டிருப்பது போல இருக்கும்.

தோள்வலி வந்த பிறகு அந்தக் கனத்தைத் தூக்க முடியவில்லை. என் கணவர்தான் சாந்தினி சௌக்கின் கேமராக் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் மேசைமேல் வைத்த மிரர்லெஸ் கேமரா என் டிபன் டப்பாவைவிடச் சின்னதாக இருந்தது. அதற்குள் கண்ணாடி கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கிற இடத்தில் இருப்பது ஒரு குட்டி டிவி. அறை எப்படி இருக்கிறது என்று அது காட்டுவதில்லை. படம் எப்படி விழப்போகிறது என்று காட்டுகிறது. அழுத்தினால் சத்தமும் வராது.

கடைக்காரர் லென்ஸையும் மடக்குத் திரையையும் என் பக்கம் திருப்பினார். திரையில் என் முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. உடனே அது சுருங்கி என் இடது கண்மேல் நின்றது.

“தேக்கியே மேடம், ஆங்க் பகட் லி” என்றார். கண்ணைப் பிடித்துவிட்டதாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். கட்டம் பெரிதாகித் தலையைச் சுற்றி நின்றது. திரும்பவும் பார்த்தேன். மறுபடி சுருங்கிக் கண்ணுக்கு வந்தது. வேறெங்கோ பார்த்தால் பெரிய கட்டம், நேராகப் பார்த்தால் சின்னக் கட்டம். ஆள் அசைந்தாலும் விடாது துரத்தும் என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

காலி வீடுகளை எடுக்கிறவளுக்கு இது எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வாங்கி வந்த பிறகு அந்த வசதியை நிறுத்தி வைக்கத் தோன்றவில்லை. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும் என்றுதான் எண்ணினேன்.

புதுக் கேமராவோடு நான் போன மூன்றாவதோ நான்காவதோ வீடு அது. துவாரகாவில், ஏழாவது மாடி. வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கத்துத் தமிழர், ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதைத் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்.

நவம்பர் மாதம். புகைமூட்டத்தில் எதிர் பிளாக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. விமானங்கள் தலைக்குமேல் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் லிஃப்டுக்கு வெளியே ஸ்வெட்டரும் மாஸ்க்குமாக நின்றிருந்தார். கதவைத் திறந்துவிட்டார்.

“நீங்க போய் எடுங்கம்மா. நான் இங்கன நிக்கிறேன்.”

“உள்ள வரலையா சார்?”

“பெயிண்ட் வாட ஒத்துக்காது.”

புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஹாலில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. வாசல் பக்கத்து மூலையில் ஸ்டாண்டை விரித்துப் புதுக் கேமராவை மாட்டினேன். திரை விழித்ததும் எதிர்ச் சுவரில் வெள்ளைக் கட்டம் வந்து நின்றது.

சமையலறைக்குப் போகும் வழியை ஒட்டிய சுவர் அது. கட்டம் நின்ற இடம் தாழ்வாக இருந்தது. தரையில் சுவரோடு சாய்ந்து ஒருவர் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ அங்கே. ஸ்விட்சோ ஆணியோ இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். வெறும் சுவர். திரும்பி வந்து ஸ்டாண்டை ஓரடி நகர்த்தினேன். கட்டம் மறைந்தது. அப்பாடா என்று குனிவதற்குள் மறுபடி அதே இடத்தில் தோன்றியது. கடையில் என் தலையைச் சுற்றி வந்ததே, அதே மாதிரி பெரிய கட்டம்.

இயந்திரம் என்றால் சில சமயம் தப்புச் செய்யும். திரைச்சீலை மடிப்பையும் பூந்தொட்டியையும் முகம் என்று நினைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அங்கே மடிப்பும் இல்லை, தொட்டியும் இல்லை. பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லாமல் படம் விழுந்தது. விழுந்ததா என்பதே சந்தேகமாக இருந்தது. அறையில் அவ்வளவு நிசப்தம். யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது நாமும் அடக்கிக்கொள்வோமே, அப்படி நின்றிருந்தேன்.

துணைக்கென்று பையில் வைத்திருந்த பழைய கேமராவை எடுத்தேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். சுவர், தரை, மங்கலான வெளிச்சம், அவ்வளவுதான். ‘சடக்’. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தோள்கள் தளர்ந்தன. மிச்ச அறைகளை எல்லாம் அதிலேயே எடுத்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கேமராக்களின் படங்களையும் லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேலை நேர்த்தி என்று பார்த்தால் புதியதுதான் ஒருபடி மேல். மூலை இருட்டில்கூடத் தரையின் கோடுகள் தெரிந்தன. பழையதில் அந்த மூலை வெறும் கறுப்பு. ஆனால் சுவர் இரண்டிலும் ஒன்றுபோல வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. கட்டம் திரையில்தான் தெரியும், படத்தில் பதியாது. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

புரோக்கருக்குப் படங்கள் பிடிக்கவில்லை. ஹாலில் வெளிச்சம் போதவில்லை, வெயில் வந்ததும் இன்னொரு தடவை எடுத்துக் கொடுங்கள் என்றார். இரண்டு நாள் காற்றடித்துப் புகை விலகியது. மறுபடி போனேன். பகல் பதினோரு மணி வெயில் பால்கனி வழியாக உள்ளே பாதி தூரம் வந்திருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற தைரியத்தில் புதுக் கேமராவையே மாட்டினேன்.

கட்டம் வந்தது. அதே இடம். அதே உயரம்.

பார்க்காததுபோலப் பால்கனிக் கதவைத் திறக்கப் போனேன். புதுப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெளியே நின்றவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

“சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? கதவு திறக்கல.”

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். தோளால் ஒரு இடி இடித்ததும் கதவு திறந்துகொண்டது. திரும்பும்போது அவர் கண் கேமராத் திரையில் விழுந்தது.

“அது என்னம்மா? சொவத்துல கட்டம் கட்டமா?”

“ஆளுங்க முகம் இருந்தா காட்டும் சார். சில நேரம் தப்பாவும் காட்டும். புது கேமரா, எனக்கே இன்னும் சரியா...”

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டம் சுருங்கியது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆகி, கொஞ்சம் மேலே ஏறி, நின்றது.

ஸ்டாண்டின் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“இப்ப ஏன் சின்னதாச்சு?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் வரவில்லை. “நேரா நம்மளப் பார்த்தா கண்ணக் காட்டும் சார்” என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பயம் இல்லை. சுவரைப் பார்த்து, “அக்கா” என்றார். என்னிடம் சொன்னதல்ல அது.

ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“எங்க அக்கா அங்கனதான் உக்காந்துருப்பா. மாமா தவறுனதுக்கப்புறம் எனக்குச் சமைச்சுப் போடுறேன்னு வந்தா. பத்துப் பன்னெண்டு வருசம் இருந்தா. இந்தி ஒரு வார்த்தை வராது. எவன்ட்டயும் பேச மாட்டா. சோபா வாங்கிப் போட்டா அதுல உக்கார மாட்டேன்னுட்டா. அந்தச் சொவத்துல சாஞ்சு கால நீட்டிக்கிட்டு, வாசலப் பாத்துக்கிட்டே இருப்பா. லிஃப்ட் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயி பாலை அடுப்புல வெப்பா. நான் பூட்டத் தொறக்கறப்ப பால் காயுற வாசம் வரும்.”

நான் ஸ்டாண்டின் பிடியை விடாமல் நின்றிருந்தேன்.

“போன வருசம் ஜனவரி. அன்னைக்கு ஒரே பனி. ஃபிளைட்டெல்லாம் லேட்டு, டூட்டி முடிய விடிஞ்சு ரொம்ப நேரமாயிருச்சு. வீட்டுக்கு வந்தேன். பால் வாசம் வரல. அவ போர்வையப் போத்திக்கிட்டு அங்கன சாஞ்சு உக்காந்துருந்தா. கண்ணு லேசா மூடியிருந்துச்சு. தூங்கிட்டா போலருக்குன்னு நானே பாலக் காய்ச்சி, ரெண்டு பேருக்கும் காப்பி கலந்து, அவ பக்கத்துல ஒரு டம்ளர வெச்சேன். எதிர்த்தாப்புல உக்காந்து பேசிக்கிட்டே குடிச்சேன். ஏர்போர்ட்ல ஜனங்க போட்ட சண்டையச் சொன்னேன். ஊர்ல கல்யாணம் வருது, டிக்கெட் போடணும்னு சொன்னேன். காப்பி ஆறுதுக்கா, காப்பி ஆறுதுக்கான்னேன். எம்புட்டு நேரம் பேசுனேன்னு தெரியல. டம்ளர்ல ஆடை கட்டிப் போச்சு. அதப் பாத்ததுக்கப்புறம்தான் கையத் தொட்டேன்.”

மாஸ்க்கை இறக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“டாக்டர் வந்து பாத்துட்டு ராத்திரியே போயிருச்சுன்னாரு. அது எப்படிம்மா? நான் டிக்கெட்டப் பத்திச் சொன்னப்ப ‘ம்’னு சொன்னாளே. இன்னைக்கும் அந்த ‘ம்’ என் காதுல இருக்கு.”

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சின்னக் கட்டம் அங்கேயே நின்றது. அசையவில்லை.

இதற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. சுவருக்குப் போய் மண்டியிட்டுக் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பார்த்தேன். தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். நிறத்தில் வித்தியாசமில்லை, ஆனால் சுற்றிலும் இருந்த பெயிண்டைவிட ஒரு துளி மினுமினுப்பு. விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது.

“அண்ணா, இங்க எண்ணெய்க் கறை இருக்கு!” என்றேன். சார் எப்போது அண்ணா ஆனார் என்று தெரியவில்லை.

“தெரியும்மா. ஊர்லருந்து செக்குல ஆட்டுன தேங்காயெண்ண வரும். தலையில வழிய வழிய வெப்பா. மூணு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு. அடிச்சுக் கொஞ்ச நாள்ல மேல வந்துருது.”

“அப்ப அதான்! நம்ம கண்ணுக்குத் தெரியாத அந்த மினுமினுப்பு கேமராவுக்குத் தெரியுது. வட்டமா இருக்குல்ல, அத முகம்னு நெனச்சுக்குது. வேற ஒன்னும் இல்ல அண்ணா.”

எனக்குத் தெம்பு வந்திருந்தது. அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

“எண்ணக் கறைக்குக் கண்ணு இருக்குமாம்மா?” என்று கேட்டார்.

விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

அவராகவே எழுந்து அந்தச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். “ஒரு போட்டோ எடுக்குறீங்களா? நாங்க சேந்து எடுத்துக்கிட்டதே இல்ல. அவளுக்குக் கேமரான்னா கூச்சம்.”

மறுக்க முடியவில்லை. புதுக் கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். இப்போது திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று அவர் முகத்தில். இன்னொன்று அவருக்கு இடப்பக்கம், கொஞ்சம் தாழ்வாக, சுவரில். எது முக்கியம் என்று முடிவு செய்ய முடியாமல், ஃபோகஸ் பிடித்த கட்டத்துக்கு வரும் பச்சை நிறம் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். அவர்மேல் இருந்த கட்டம் பெரிதாகி வெள்ளைக்குத் திரும்பியது. சுவரில் இருந்தது மட்டும் பச்சையாகி, உறுதியாக, என்னைப் பார்த்து நின்றது.

என் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. கேமராவை நிறுத்திக் கழற்றினேன். “இதுல சரியா வரல அண்ணா. பழசுல எடுக்கறேன்” என்றேன். பழைய கேமராவைக் கண்ணில் வைத்தேன். அதில் அவர் மட்டும்தான் இருந்தார். அழுத்தினேன். கண்ணாடி எழும்பி எல்லாம் இருட்டாயிற்று. மற்ற நாட்களில் கவனத்துக்கே வராத அந்த இருட்டு அன்று நீண்டதுபோல இருந்தது. வெளிச்சம் திரும்பி வந்தபோது அவர் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் நடுவில் உட்காரவில்லை. குடும்பப் படத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்காருவோமே, அப்படி உட்கார்ந்திருந்தார். ஒருவர் தாராளமாக உட்காரும் அளவுக்கு வெற்றுச் சுவர்.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். என் கணவர் தினமும் கட்டிலில் சாய்ந்து ஃபோன் பார்க்கிற சுவரில் நல்ல கறையே உண்டு. அதன்மேல் புதுக் கேமராவைத் திருப்பினேன். கட்டம் வரவில்லை. விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தேன். போதாதென்று பால்கனிச் சுவரில் தேங்காயெண்ணெயைத் தடவி, மேலே பெயிண்ட் பூசிக் காயவிட்டு, மறுநாள் பகலிலும் பார்த்தேன். சுவரைச் சுவர் என்றே அது சொன்னது. நடுவில் என் மகள் குறுக்கே ஓடினாள். அந்த ஓட்டத்திலும் அவள் கண்ணைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. கேமராவில் பழுது ஒன்றும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், சிரித்தால் எனக்குக் கோபம் வரும் என்று தோன்றியது. புதுக் கேமராவின் மெனுவுக்குப் போய் முகம் தேடும் வசதியை நிறுத்தினேன். அதன் பிறகு போன காலி வீடுகளில் எல்லாம் அது நிறுத்தியேதான் இருந்தது.

புரோக்கர் ஒரு வாரம் கழித்து எரிச்சலோடு கூப்பிட்டார். வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டாராம், வாடகைக்கு விடப்போவதில்லையாம். எனக்கு வர வேண்டியது வந்துவிட்டதால் நான் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்காரரே கூப்பிட்டார்.

“வீட்டுக்கே திரும்பி வந்துட்டேம்மா. நல்லாத் தூக்கம் வருது. பொங்கலன்னைக்குச் சாரையும் கூட்டிட்டு வாங்க. நானே பொங்கல் வெக்கிறேன்.”

போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் தனியாக இருக்கிறார், பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். மகளை ஒரு தோழி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனோம். கேமரா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு வீடாக ஆகியிருந்தது. கட்டில், டிவி, சாப்பாட்டு மேசை, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வந்திருந்தன. அந்தச் சுவரோரம் மட்டும் ஒன்றும் போடவில்லை. சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது, ஆனால் நெய் தாராளமாக விட்டிருந்தார். அவருக்கு முகம் தெளிந்திருந்தது. என் கணவரோடு மெட்ரோ, ஏர்போர்ட், தண்ணீர்ப் பிரச்சினை என்று கலகலப்பாகப் பேசினார். சுவரைப் பற்றியோ அந்தப் படத்தைப் பற்றியோ அவரும் நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு காப்பி எடுத்துவரச் சமையலறைக்குப் போனார். டம்ளர்களோடு திரும்பி வரும்போது, அந்தச் சுவருக்கு முன்னால் வந்ததும் நேராக வராமல் ஒதுங்கி, ஒரு வளைவு வளைந்து எங்களிடம் வந்தார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவரைத் தாண்டாமல் சுற்றி வருவோமே, அந்த வளைவு. பழக்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

குடித்து முடித்ததும் என் கணவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இருங்க சார், நான் வெக்கிறேன்” என்று வீட்டுக்காரர் தடுக்கத் தடுக்கச் சமையலறைக்கு நடந்தார். அந்தச் சுவருக்கு முன்னால் வந்தார். பேச்சை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், ஒதுங்கி, அதே வளைவில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போதும் அப்படியே வந்தார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்திருந்தார். புன்னகைத்தார்.

லிஃப்டில் இறங்கும்போது கேட்டேன். “ஹால்ல நேரா போகாம ஏன் சுத்திப் போனீங்க?”

“சுத்திப் போனேனா? எப்ப?” என்றார் என் கணவர். ஃபோனில் ஆட்டோ எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஜல்தி வா, ஆட்டோ பையா கேட் கிட்ட வந்துட்டான்.”